கீறலுக்கு விலை: ஒரு பழம்பொருள் இலக்கணம்

தொல்காப்பியர் எழுத்து, சொல், பொருள் என்று மூன்று அதிகாரம் செய்தார். பழைய எலெக்ட்ரிக் கிடாருக்கு இலக்கணம் எழுத வந்த எனக்கு மூன்றாவது ஒன்றே போதும். அதிலும் பொருள் என்றால் இங்கே காசு. இதை எழுத உனக்கென்ன தகுதி என்பீர்கள். கிடார் வாசிக்கத் தெரியாது. ஆம்பூரில் ஒரு டேனரியின் ஃபினிஷிங் செக்‌ஷனில் இருபது வருஷத்துக்கு மேல் நின்றிருக்கிறேன். புதுத் தோலைப் பழசாகக் காட்டுவது என் பிழைப்பு.

நூல் பிறந்த கதை இது. வேலூரில் படிக்கும் அக்கா மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிரியாணி முடிந்த கையோடு போனை நீட்டினான். படத்தில் 1959ஆம் வருஷத்து கிப்சன் லெஸ் பால். மேல் பூச்சு முழுக்க மயிரிழை விரிசல். ஓரத்துச் சிவப்பு வெளுத்துத் தேன் நிறம். முதுகில் பெல்ட் பக்கிள் உரசி மரம் தெரிந்தது.

"எவ்வளவு போகும் மாமா, சொல்லுங்க."

"ஃபினிஷ் கிராக், ஷேட் போயிருக்கு, பின்னாடி ஸ்கிராட்ச். தோலா இருந்தா செலக்‌ஷன்லயே தள்ளிடுவேன்டா."

"லட்சக்கணக்குல மாமா. ரூபாய் இல்ல, டாலர்."

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். அப்போதும் கிராக்தான்.

அந்த விரிசலை உண்டாக்கிய சரக்கு எனக்குப் பழக்கமானது: நைட்ரோ செல்லுலோஸ் லாக்கர். 1950களின் கிடார்களுக்கு மேலே அடித்தது அது. தோலுக்கு நாங்கள் டாப் கோட்டாக அடிப்பதிலும் அதே சரக்கு உண்டு. வெளிச்சம் பட்டால் மஞ்சளாகும். வயதானால் விறைத்துப்போய் வெடிக்கும். வெள்ளைத் தோலுக்கு அதை அடிக்க நாங்கள் யோசிப்பது இதனால்தான். இதே குற்றம் தோலில் வந்தால் டெபிட் நோட், கிடாரில் வந்தால் ஏலம். ஆகவே முதல் சூத்திரம்:

கீறல் உற்றது கிடாரெனின் ஏறும்;
தோலெனின் இறங்கும், தொழிலதன் இயல்பே.

இதற்கு உரை வருமாறு. பழமை மூவகைப்படும்: சட்டத்தால் பழையது, பட்டுப் பழையது, பட வைத்துப் பழையது.

சட்டப் பழமையைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1972ஆம் வருஷத்துத் தொல்பொருள் சட்டப்படி ஒரு பொருள் தொல்பொருள் ஆக 100 வருஷம் வேண்டும். சுவடிகளுக்கு மட்டும் 75 வருஷச் சலுகை. 1954இல் முதன்முதலாக வந்த ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர் 2054 வரை பொறுத்திருக்க வேண்டும். வண்டிகளுக்கு 2021இல் மத்திய அரசு ஒரு விதி போட்டது: 50 வருஷம் தாண்டினால் விண்டேஜ், நம்பர் பிளேட்டில் தனி எழுத்து. அதன்படி, எங்கள் பையன்கள் உயிரை விடும் யமஹா ஆர்.எக்ஸ். 100, 1985இல் வந்ததாகையால், 2035க்கு முன் விண்டேஜ் ஆகாது. அதுவரை அது சட்டத்தின் கண்ணில் 15 வருஷம் தாண்டிய பழைய வண்டி, ஆர்.சி. ரெனியூவல், கிரீன் டேக்ஸ் கட்ட வேண்டிய வண்டி.

பட்டுப் பழையதற்கு விளக்கம் வேண்டாம். வேர்வை, வெயில், மேடை விளக்கு, குடிகாரப் பாடகர்.

பட வைத்துப் பழையது என் துறை. கொஞ்சம் நின்று சொல்கிறேன். ஆன்டிக் ஃபினிஷ் ஆர்டர் வந்தால் முதலில் வெளிர் நிறம் அடிப்போம். அதன் மேல் கருப்பில் தோய்த்த அடர் நிறம். காய்ந்ததும் பாலிஷ் மெஷினில் விட்டால் மேட்டில் இருக்கும் கருப்பு போய்ப் பள்ளத்தில் மட்டும் தங்கும். மூன்று தலைமுறை கைபட்ட பெட்டி மாதிரி ஆகிவிடும், மூன்றே நாளில். இதில் கஷ்டமே பாலிஷைச் சரியான நேரத்தில் நிறுத்துவதுதான். ஒரு பாஸ் கூடினால் அது பழசு இல்லை, தேய்ந்தது. ஃபெண்டர் கம்பெனியின் கஸ்டம் ஷாப் 1995இல் இதே வித்தையைக் கிடாருக்குச் செய்ய ஆரம்பித்தது: ரெலிக் என்று பெயர் வைத்து, புதுக் கிடாரை உரசி, சுரண்டி, துருவேற்றிக் கூடுதல் விலைக்கு விற்றார்கள். சேதாரத்துக்குக் கூலி வாங்கிய அந்த மகானுபாவர்களை எங்கள் செக்‌ஷனில் யாரும் குறை சொல்ல முடியாது.

இனி ஆட்கள். அகத்திணை ஏழு என்றால் விண்டேஜ் ஆசையும் ஏழு. எங்கள் பக்கம் கிடார் வாங்கும் ஆள் அபூர்வம் என்பதால் ஆர்.எக்ஸை வைத்தே சொல்கிறேன். 98 சி.சி., 11 குதிரைத்திறன், டூ ஸ்ட்ரோக். ஆரம்பத்தில் ஜப்பானிலிருந்து பாகங்களாக வந்து இங்கே பூட்டப்பட்டது. புகைக் கட்டுப்பாடு வந்ததும் 1996இல் நின்றது. (அதே 1996 ஆகஸ்டில்தான் பாலாற்றைக் கெடுத்ததற்காக எங்கள் டேனரிகளுக்குத் தலைக்குப் பத்தாயிரம் அபராதம் போட்டது உச்ச நீதிமன்றம். ஒரே வருஷத்தில் ஊரின் புகைக்கும் கழிவுக்கும் கணக்குக் கேட்டார்கள். புகைக்கு மட்டும் இன்றைக்கு ரசிகர் மன்றம் இருக்கிறது.)

குறிஞ்சி புணர்தல்: வாங்கி ஓட்டுபவன், எண்ணிக்கையில் குறைவு. முல்லை இருத்தல்: தார்ப்பாய் போட்டு மூடி விலை ஏறக் காத்திருப்பவன். மருதம் ஊடல்: அந்தத் தார்ப்பாய் விஷயமாக வீட்டில் நடப்பது. பாலை பிரிவு: ஹைவேயில் பெங்களூர் போய்த் திரும்பாத வண்டி. கைக்கிளை ஒருதலைக் காமம்: ராத்திரி இரண்டு மணிக்கு யூடியூபில் சைலன்சர் சத்தம் கேட்பவன், என் அக்கா மகன் கிடார்த் துறையில் இந்தத் திணை.

நெய்தல் இரங்கல். கடல் இல்லாத, ஆற்றிலும் தண்ணீர் இல்லாத இந்தப் பிரதேசத்தில் நெய்தல் செழித்தது போல வேறெங்கும் செழிக்கவில்லை. பேரணாம்பட்டு முதல் வாலாஜா வரை எந்த டீக்கடையில் நின்றாலும் ஒருவர் புலம்புவார்: "அப்பவே என்கிட்ட இருந்துச்சுப்பா, சும்மா தூக்கிக் குடுத்துட்டேன்." நானும் இத்திணையே. என் வண்டியை எட்டாயிரத்துக்குத் தள்ளினேன்; வாங்கியவர் ஹெல்மெட்டையும் சேர்த்துக் கேட்டார், கொடுத்தேன். இன்று நல்ல நிலையில் ஒன்று லட்சத்தைத் தாண்டுகிறது. ஹெல்மெட் கணக்கில் வராது.

பெருந்திணை பொருந்தாக் காமம்: ஓட்டத் தெரியாமல் ஓட்டுவதற்கானதை வாங்குபவன், வாசிக்கத் தெரியாமல் கிடாரைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பவன். விலையை ஏற்றுவதில் பெரும்பங்கு இத்திணைக்கே. தொல்காப்பியர் இதைக் கடைசியில் வைத்தார். ஏலக் கம்பெனிகள் முதல் வரிசையில் நாற்காலி போடுகின்றன.

இத்தனை திணைக்கும் பொதுவான ஒரு வேதவாக்கு உண்டு: ஒரிஜினல். ஆர்.எக்ஸில் "ஜப்பான் இஞ்சின்" என்றால் தனி விலை. நான் இன்னொரு வண்டி தேடிப் போனபோது எங்கள் தெரு மெக்கானிக் பாய் கிக்கரை ஒரு மிதி மிதித்து, காதைச் சாய்த்து, சாக்கில் கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பிஸ்டன் இங்க வாங்கினது, கார்ப்பரேட்டர் மாத்தினது, கிராங்க் நான் பண்ணது. ஜப்பான்ல இருந்து வந்ததுன்னு பாத்தா அந்த ஸ்டிக்கர்தான் இருக்கு. அதுவும் போன மாசம் ஒட்டினது."

கிடாரில் இதற்குச் சமமான சொல் "ப்ரீ சி.பி.எஸ்." 1965 ஜனவரியில் லியோ ஃபெண்டர் தன் கம்பெனியை சி.பி.எஸ். நிறுவனத்துக்கு 1 கோடியே 30 லட்சம் டாலருக்கு விற்றார். அதற்கு முந்தையது வைரம், பிந்தையது கூழாங்கல் என்பது சேகரிப்பாளர் சித்தாந்தம். ஒரு ஸ்க்ரூ மாறினாலும் விலை இறங்கும் என்பார்கள். ஆனால் 2019இல் நியூயார்க் கிறிஸ்டீஸ் ஏலத்தில் 39 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குப் போய் அன்றைய உலக சாதனை படைத்தது எது? பிங்க் ஃபிளாய்டின் டேவிட் கில்மர் வாசித்த கருப்பு ஸ்ட்ராட். 1969ஆம் வருஷத்தது, அதாவது கூழாங்கல் காலத்தது. கழுத்து பல தடவை மாற்றியது, பிக்கப் மாற்றியது. பாயின் கடை வண்டிதான் அது. யார் கை பட்டது என்பதுதான் வித்தியாசம்.

சரி, சத்தம்? பழசு இனிக்கிறது என்பார்கள். 2010இல் வயலினில் ஒரு சோதனை நடந்தது. முடிவு 2012இல் வந்தது. 21 கலைஞர்களுக்குக் கருப்புக் கண்ணாடி மாட்டி, ஸ்ட்ராடிவேரியும் புது வயலினும் மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். அவர்களுக்கு அதிகம் பிடித்தது ஒரு புதுசு. கடைசியில் நின்றது ஒரு ஸ்ட்ராடிவேரி. மரமே பாடும் வயலினுக்கு இந்தக் கதி. எலெக்ட்ரிக் கிடாரில் கம்பியின் அசைவைக் காந்தச் சுருள் பிடிக்கிறது, மீதியை ஆம்ப்ளிஃபையர் பார்த்துக்கொள்கிறது. அந்த 1959 கிடாரின் சுருள்கள் ஒவ்வொன்றும் தனி ரகம் என்று உருகுகிறார்கள். காரணம் எளிது: சுற்றும் மெஷினைச் சரியான எண்ணிக்கையில் நிறுத்த ஏற்பாடில்லை, சுற்று கூடும் குறையும். இதை நாங்கள் லாட் வேரியேஷன் என்போம். விளக்கம் கேட்டு மெயில் வரும்.

ஆகவே என் தீர்ப்பு: 1958 முதல் 1960 வரை செய்த அந்த லெஸ் பால் ரகம் மொத்தம் 2,000கூட இல்லை. விற்காததால் நிறுத்தினார்கள். 1966இல் எரிக் கிளாப்டன் அதை வைத்து ஒரு ரெக்கார்டு போட்ட பிறகு எல்லோருக்கும் வேண்டியதாயிற்று. இல்லாத சரக்குக்கு அடிபிடி இருக்கும். அந்த விலை நியாயம். அதன் வாலைப் பிடித்து 1970களின் கனத்த, அரைகுறை வேலைக் கிடார்களுக்கும் விலை ஏற்றுவது கலப்படம். ஆர்.எக்ஸுக்கு லட்சம் கேட்பவரை நான் மன்னிக்கிறேன், நெய்தல்காரன் என்பதால் மட்டும்.

ஒரு ஐயம் மட்டும் தீராமல் நிற்கிறது. ஆர்டர் எடுக்கும்போது தோலில் ஒரு துண்டை வெட்டி, பாதியை ஐரோப்பிய பையருக்கு அனுப்பி, பாதியை ஃபைலில் வைப்போம். பிறகு வரும் லோடு அந்த ஸ்வாட்சுக்குப் பொருந்த வேண்டும். போன வருஷம் ஒரு ரிப்பீட் ஆர்டர். எங்கள் துண்டு இருட்டு ஃபைலில் கிடந்து ஒரு மாதிரி ஆகியிருந்தது. அவர்கள் துண்டு ஜன்னலோரம் கிடந்து வேறு மாதிரி மஞ்சளித்திருந்தது. இரண்டும் ஒரே தோல், ஒரே நாளில் வெட்டியது, இரண்டிலும் கையெழுத்து இருக்கிறது. எங்கள் துண்டுக்குப் பொருந்தச் செய்த லோடு அவர்கள் துண்டுக்குப் பொருந்தவில்லை. எது ஒரிஜினல் என்று மெயில் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருக்கிறது. லோடு கோடவுனில் இருக்கிறது. அதுவும் மெல்ல நிறம் மாறிக்கொண்டிருக்கிறது.