எங்கள் வீட்டுக்கும் ஓர் ஐந்து நிமிடம்

பெறுநர்:
விவசாயம், கால்நடை வளம், காணி மற்றும் நீர்ப்பாசன அமைச்சு,
பத்தரமுல்லை.

விடயம்: கூரைக்குக் கீழே வசிப்பவற்றையும் எண்ணித் தரக் கோரல்

ஐயா,

2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணி முதல் 8.05 வரை நாடே முற்றத்தில் நின்று குரங்கு எண்ணியதைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். குரங்கு, மந்தி, மயில், மலையணில் எல்லாவற்றையும் ஒரு தேத்தண்ணி ஆறுகிற நேரத்தில் எண்ணி முடித்தோம். சில மாதங்களில் விடையும் வந்தது: செங்குரங்கு 51 லட்சத்துக்கு மேல், மயில் 42 லட்சத்துக்கு மேல். மனிதர்களை எண்ணிய கணக்கு 2 கோடியே 17 லட்சம். நாலு பேருக்கு ஒரு குரங்கு என்று விகிதம் விழுகிறது. எங்கள் பங்குக் குரங்கு எது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது தினமும் காலையில் ஓட்டைப் பிரித்துத் தன்னை அடையாளம் காட்டிவிட்டுத்தான் போகிறது.

எண்ணியது தவறு என்று சொல்ல வரவில்லை. அதற்கு முந்திய மாதம், பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று மாட்டிக்கொண்டதால்தான் நாடு முழுக்க இருண்டது என்று மின்சக்தி அமைச்சரே சொன்னார். ஒற்றைக் குரங்குக்கு அவ்வளவு அதிகாரம் இருக்குமானால் மொத்தத் தொகையைத் தெரிந்து வைத்திருப்பதுதான் புத்தி. குரங்குக்குக் கருத்தடை செய்யும் முன்னோடித் திட்டத்துக்கு எங்கள் மாத்தளை மாவட்டத்தையே தெரிந்தெடுத்தீர்கள். அதற்கும் நன்றி.

என் குறையெல்லாம், முற்றத்தோடு நிறுத்திவிட்டீர்கள் என்பதுதான். வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்திருந்தால் எண்ணிக்கை இன்னும் கௌரவமாக இருந்திருக்கும். நான் இருப்பது சுதுகங்கைக் கரையில், ஓட்டுக் கூரையும் பலகைத் தட்டும் சுண்ணாம்புச் சுவரும் உள்ள பழைய வீடு. ஒரு பக்கச் சுவரை மிளகும் கராம்பும் அடுக்கிய கிட்டங்கியோடு பகிர்ந்துகொள்கிறோம். வாடகை நாங்கள் கொடுக்கிறோம். குடியிருப்பவர்கள் வேறு பலர்.

எலிகளுக்குக் காலை 8 மணி சரிப்படாது. அந்நேரம் அவை வேலை முடிந்து படுத்துவிடும். இரவு 2 மணி என்று அறிவித்தால் துல்லியமாக எண்ணலாம், ஆனால் கண்ணால் அல்ல, காதால். பலகைத் தட்டில் ஓடுவது கூரை எலி, ஓட்டம் இலேசாகக் கேட்கும். குசினி மூலையில் மண்ணைத் தள்ளிக்கொண்டு வருவது பெருச்சாளி, அது நடந்தால் சட்டி நகரும். கிராம உத்தியோகத்தர்களுக்கு இந்த வித்தியாசத்தில் ஒரு நாள் பயிற்சி கொடுத்தால் போதும். மூன்றே வாரத்தில் குட்டி போடுகிற இனமாதலால், படிவம் பத்தரமுல்லைக்கு வந்து சேருமுன் தொகை மாறிவிடும் என்பதையும் பணிவுடன் அறியத் தருகிறேன்.

கரப்பானுக்கு ஐந்து நிமிடம் தாராளம். கழிவறை விளக்கைப் போட்ட முதல் மூன்று வினாடிதான் கணக்கெடுப்பு, அதற்குப் பின் எழுதுவதெல்லாம் கற்பனை.

கறையானை எண்ணவே முடியாது. கறையானோடு பழகுவதில் இந்த மாவட்டத்துக்கு ஈராயிரம் ஆண்டு அனுபவம் உண்டு. நகரிலிருந்து தம்புள்ளை வீதியில் கொஞ்சத் தூரம் போனால் அலுவிகாரை. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வலகம்பா மன்னன் காலத்தில், அதுவரை வாய்ப்பாடமாக இருந்த திரிபிடகத்தை ஓலையில் எழுதி வைத்தது அங்கேதான் என்பார்கள். ஓலையில் கீறிய எழுத்தின் மேல் கரியும் தும்மல எண்ணெயும் பூசித் துடைப்பது அந்தக் காலத்துக் கைவேலை. கரி எழுத்தைக் காட்டும், எண்ணெய் பூச்சியை அண்டவிடாது. இதற்காக யாரும் விலைமனு கோரியதாகத் தெரியவில்லை. இத்தனை பக்குவமாகக் காத்தும் அந்த விகாரையின் ஏட்டுத் தொகுதி 1848 கிளர்ச்சியை அடக்க வந்த ஆங்கிலப் படையால் அழிந்தது. கறையான் மேல் பழி போட வழியில்லாமல் போயிற்று.

எங்கள் வீட்டில் தும்மல எண்ணெய் பூச ஆளில்லை. தாத்தா தகரப் பெட்டிக்குள் பத்திரப்படுத்திய கடதாசிகளில் குடியுரிமைப் பத்திரத்தைத்தான் கறையான் முதலில் தேர்ந்தெடுத்தது. மின்சாரப் பட்டியலைத் தொடவில்லை. பிறந்த திகதி உள்ள மூலையைத் தின்று, முத்திரை குத்திய மூலையை மிச்சம் வைத்தது. அரசாங்கக் கடதாசியில் எது முக்கியம் என்று அதற்குத் தெரிந்திருக்கிறது.

நுளம்பு விடயத்தில் ஒரு சட்டச் சிக்கல் இருப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. சாப்பாட்டு அலுமாரியில் எறும்பு ஏறாமலிருக்க, அதன் நாலு காலுக்கும் கீழே தண்ணீர்க் கிண்ணம் வைப்பது எங்கள் அம்மாவின் வழக்கம். இந்த ஊரில் எந்த அம்மாவின் வழக்கமும் அதுதான். டோர்ச் லைட்டோடு வந்த பொதுச் சுகாதாரப் பரிசோதகர் கூரைப் பீலியைப் பார்த்தார், வாழைமரத்தடியைப் பார்த்தார், சிரட்டைகளைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. கடைசியில் குசினிக்குள் குனிந்தார். நாலு கிண்ணத்திலும் புழு நெளிந்தது. எறும்பைத் தடுக்கப் போய் நுளம்புக்குப் பண்ணை வைத்திருக்கிறோம்.

2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகுவதைத் தடுக்கும் சட்டத்தின்படி, என் வளவுக்குள் நெளிபவற்றுக்கு நானே பொறுப்பு. மனிதர் தண்டம் எழுதவில்லை. கிண்ணத்தில் உப்புப் போடச் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் எனக்கு உள்ளூர ஒரு பெருமிதம். எங்கள் பரம்பரையில் இந்த மண்ணில் எதையாவது எங்களுடையது என்று சட்டம் எழுத்தில் ஒப்புக்கொண்டது இதுவே முதல் தடவை.

வீட்டு வாசலுக்கு வெளியே, தேங்கி நிற்கும் பொது வடிகானைக் காட்டி, அதில் இருப்பது யாருடைய நுளம்பு என்று கேட்டேன். அது வேறு இனம், அழுக்குத் தண்ணீரில் வளர்வது, டெங்கு பரப்புவது நல்ல தண்ணீர் நுளம்புதான் என்று விளக்கினார். உண்மைதான். ஈடிஸ் நுளம்பின் முட்டை காய்ந்த பாத்திரத்தில் மாதக்கணக்கில் காத்திருந்து, மழைத் துளி பட்டதும் பத்து நாளுக்குள் பறக்கத் தொடங்கும். 2017இல் இந்த நாட்டில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கில் விழுந்து, நானூறு பேருக்கு மேல் மாண்டது அந்த நல்ல தண்ணீரால்தான். ஆகவே சட்டம் சுத்தமாக இருப்பவர்களின் கிண்ணத்தைத்தான் தேடி வரும். வடிகானைத் தேடி வருகிற சட்டம் எது என்று விசாரித்து எழுதினால் உதவியாக இருக்கும். நுளம்புக்குப் புகையடிக்கும் வண்டி எப்போதாவது வருகிறது. புகை பறக்கும் நுளம்பை மட்டுமே கொல்லும், கிண்ணத்தில் இருப்பதைத் தொடாது. பிள்ளைகளுக்கு மட்டும் திருவிழா.

எலிக்கு அப்படி ஒரு சட்டத்தையும் காணோம். 2008இல் நாடெங்கும் ஏழாயிரம் பேருக்கு மேல் எலிக்காய்ச்சல் சந்தேகத்தில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது, கடுமையாக அடிபட்ட மாவட்டங்களில் மாத்தளையும் ஒன்று. எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் இறங்கினவர்களுக்கு அது வந்தது. வயலில் இறங்குமுன் வாரம் ஒரு தரம் டொக்சிசைக்ளின் குளிசை போடும்படி விவசாயிகளுக்குச் சொல்கிறார்கள். எலியால் வருகிற நோய்க்கு மருந்து தின்பது மனிதன், எலி சுகமாக இருக்கிறது. அது வயலில் நெல்லைத் தின்றால் தங்களுடைய எலி. வயலிலிருந்து வீட்டுக்கு வந்தால் என்னுடைய எலி. என்னைக் காய்ச்சலில் தள்ளினால் சுகாதார அமைச்சின் எலி. குப்பை மேட்டில் நின்றால் உள்ளூராட்சி எலி. ஒரே எலிதான், ஐயா. அதற்கு இத்தனை எல்லைகள் தெரியாது.

மருந்து வைக்கலாமே என்பீர்கள். 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பீடைகொல்லிப் பதிவாளர் ஒருவர் இருக்கிறார், பதியாத நஞ்சு விற்கக்கூடாது. பஸ் நிலையத்துப் பக்கம் ஒலிபெருக்கி வைத்து எலி, கரப்பான், மூட்டைப்பூச்சி மூன்றுக்கும் ஒரே பொட்டலம் விற்கிறவரிடம் பெயரில்லை, லேபிள் இல்லை, பதிவிலக்கம் கேட்டால் சிரிக்கிறார். அந்தப் பொட்டலத்தால் எலி சாகத்தான் செய்கிறது. ஆனால் பலகைத் தட்டுக்கு மேலே, கை எட்டாத இடம் பார்த்துச் சாகிறது. பிறகு ஒரு வாரம் வீட்டில் யாரும் சாப்பிடுவதில்லை, எலியைத் தின்ன வரும் எறும்பைத் தவிர.

இந்த அரசால் முடியாது என்று நான் சொல்லவே மாட்டேன். 1934-35 மலேரியாவில் இலங்கையில் சுமார் 80,000 பேர் செத்தார்கள். 1940களின் நடுப்பகுதியில் டிடிடி வந்தது. வீடு வீடாக ஆட்கள் பம்ப் தூக்கி வந்து சுவரெல்லாம் வெள்ளையாக அடித்துவிட்டுப் போனார்கள், யார் வீட்டுச் சுவர் என்று கேட்காமல். 1963இல் நாடு முழுவதும் 17 மலேரியா நோயாளிகள்தான். வென்றாயிற்று என்று கையைத் தளர்த்திய சில வருடங்களில் தொகை லட்சங்களுக்குப் போனது. மறுபடி முதலிலிருந்து பாடுபட்டு, 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனத்திடம் மலேரியா ஒழிந்த நாடு என்ற சான்றிதழ் வாங்கினோம். அந்தச் சான்றிதழைக் கறையான் எட்டாத அலுமாரியில் வைத்திருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

தங்கள் அமைச்சின் பெயர்ப்பலகையில் காணி என்ற சொல்லும் இருப்பதால்தான் இதைச் சுகாதாரத்துக்கு எழுதாமல் தங்களுக்கு எழுதுகிறேன். என் மாமா குடும்பம் ரத்தொட்டைப் பக்கம் ஒரு தோட்டத்து லயத்தில் இருக்கிறது. வெள்ளைக்காரன் காலத்துப் பத்துக்குப் பன்னிரண்டு அடிக் காம்பிரா. பத்துக் காம்பிராவுக்கும் சேர்த்து ஒரே தகரக் கூரை. மூன்றாம் காம்பிராவில் எலிக்குப் பொறி வைத்தால் அது நாலாம் காம்பிராவுக்கு இடம் மாறும், வாடகை ஒப்பந்தம் ஏதும் கேட்காது. சுவரில் எலி போட்ட ஓட்டையைச் சீமெந்து பூசி அடைக்க மாமா நினைத்தார். சுவர் அவருடையதல்ல, நிர்வாகத்தைக் கேட்க வேண்டும் என்றார்கள். எலி யாரையும் கேட்காமல் போட்ட ஓட்டையை அடைக்க மாமாவுக்குக் கடிதம் வேண்டியிருக்கிறது. சுவரைத் திருத்தும் உரிமையில் அந்த லயத்தில் எலிதான் மூத்த குடி.

எண்ணுவதைப் பற்றி எங்களுக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை, ஐயா. எங்கள் முன்னோர் மன்னாரில் இறங்கித் தம்புள்ளைக் காடு வழியாக நடந்து வந்து சேர்ந்த ஊர் மாத்தளை. அதன் நினைவாக 2023இல் எங்கள் மக்கள் தலைமன்னாரிலிருந்து அதே பாதையில் மறுபடி நடந்து இங்கே வந்து முடித்தார்கள். முன்னோர் நடந்து வந்த காலத்துக்குப் பிறகு மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களை நோய்ப் பயத்தில் நிறுத்திவைத்துக் கிருமிநீக்கம் செய்த பிறகுதான் கப்பலில் விட்டார்கள். 1964 அக்டோபர் 30ஆம் திகதி, நாடற்றவர்களாயிருந்த எங்களை எண்ணி முடித்தார்கள்: 9,75,000 பேர். இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று இரண்டு பிரதமர்கள் கையெழுத்திட்டார்கள். 2023இல் ஒரு லட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் பேச்சு எழுந்தபோது சூழலியல் அமைப்புகள் நீதிமன்றம் போயின, ஏற்றுமதி இல்லை என்று அரச தரப்பு அங்கே சொல்லவேண்டி வந்தது. குரங்குகளுக்காகச் சந்தோஷப்பட்டேன். எங்கள் தாத்தாவுக்கு அப்படி ஒரு வழக்கறிஞர் வாய்க்கவில்லை.

நீர்ப்பாசனமும் தங்களிடமே இருப்பதால் கடைசியாக ஒன்று. 1976 முதல் பொல்கொல்லையில் திருப்பப்படும் மகாவலித் தண்ணீர் சுரங்கம் வழியாக உக்குவளை மின்நிலையத்துக்கு வந்து, சுதுகங்கையில் விழுந்து, அம்பன் கங்கை வழியாக மொரகஹகந்த பக்கம் போகிறது. எங்கள் வடிகானும் எங்கள் குப்பையும் இதே ஆற்றில்தான் சேர்கின்றன. வெள்ளம் ஏறும்போது கரையிலுள்ள பெருச்சாளிகள் எங்கள் வீடுகளில் அகதிகளாகின்றன, வடிந்ததும் திரும்பிப் போவதில்லை. ஆறு அரசாங்கத்தின் கால்வாயாக இருக்கும்போது அதில் நீந்தி வருகிற பெருச்சாளியும் அரச ஊழியர்தானா என்று தெளிவுபடுத்தினால், அதற்கு வைக்கும் பொறி அரச சொத்துக்குச் சேதமா என்ற பயமின்றி இருப்பேன்.

ஆகவே அடுத்த கணக்கெடுப்புப் படிவத்தில், இனம், தொகை என்ற நிரல்களோடு உரிமையாளர் என்று ஒரு நிரலும் சேர்த்துத் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொரு எலிக்கும் கரப்பானுக்கும் எதிரே எந்த அலுவலகத்தின் பெயரை எழுதுவது என்று பின்பக்கத்தில் விளக்கம் இருக்கட்டும். தமிழ்ப் படிவம் கணக்கெடுப்பு முடிவதற்குள் வந்து சேர்ந்தால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
நாலு கிண்ணத்து நுளம்புகளின் சட்டபூர்வப் பொறுப்பாளன்,
சுதுகங்கைக் கரை, மாத்தளை.

பி.கு.: பதிலை மூன்று பிரதிகளாக அனுப்பவும். ஒன்று எனக்கு, ஒன்று லயத்து மாமாவுக்கு, ஒன்று கறையானுக்கு.