பத்து நிமிடப் பருத்தித்துறை

கொழும்பிலிருந்து பருத்தித்துறைக்கு ஏறத்தாழ 400 கிலோமீற்றர். விடிய நாலு மணிக்கு வான் புறப்பட்டபோது, ரொறொன்ரோவிலிருந்து வந்திருந்த அத்தானின் மடியில் ஓர் அட்டவணை இருந்தது. முறிகண்டிப் பிள்ளையாருக்கு 5 நிமிடம், பருத்தித்துறைக்கு 10.

பிள்ளையார் அட்டவணையைப் பார்க்கவில்லை. ஏ-9 வீதியில் போகிற வாகனங்கள் அவரிடம் நின்று தேங்காய் உடைத்துவிட்டுத்தான் போகும். உடைத்த கையோடு கச்சானும் வாங்க வேண்டும். அதிலேயே முக்கால் மணித்தியாலம் போயிற்று.

ஆனையிறவு தாண்டியதும் அக்கா தன் பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தா. ரொறொன்ரோவில் ஸ்காபரோக் கடையொன்றில் வாங்கிய பருத்தித்துறை வடை. உளுந்தும் மாவும் மிளகாயும் பெருஞ்சீரகமும் சேர்த்து, தட்டையாகத் தட்டிப் பொரித்தது. கன நாள் கிடந்தாலும் பழுதாகாது, மெதுவாகவும் கடிபடாது. ஆறு பேர் ஒரேயடியாகக் கடித்த சத்தத்தில், கைபேசியில் வழி சொன்ன பெண்ணின் குரல் அமுங்கிப்போனது. கொடிகாமத்தில் வலப்பக்கம் திரும்ப வேண்டிய நாங்கள் சாவகச்சேரிச் சந்தையில் நின்றோம்.

ஒருவழியாகப் பருத்தித்துறை வந்தது. மருமகன் இறங்கியதும் பெட்ரோவின் சிலையைத் தேடினான். ஊரின் ஆங்கிலப் பெயர் “பொயின்ட் பெட்ரோ” என்றால் பெட்ரோ இருக்கத்தானே வேண்டும்? பெட்ரோ என்று ஓர் ஆளே இல்லை, போர்த்துக்கேயர் ‘கற்களின் முனை’ என்று வைத்த பெயர்தான் ஆங்கிலேயர் வாயில் ஆளாகிவிட்டது என்று விளக்கினேன். தமிழிலோ அது பருத்தி ஏற்றிய துறை. ஒரே ஊர், ஒரு பெயரில் கல், மறு பெயரில் பஞ்சு. வடையைக் கடித்த எங்களுக்கு எது பொருத்தம் என்று சொல்லத் தேவையில்லை.

தும்பளை வீதியில் தெருமூடிமடம். பெயரில் பொய்யே இல்லை: இரு பக்கமும் கல் தூண்களோடு திண்ணைகள், நடுவே தெரு, மூன்றுக்கும் சேர்த்து ஒரே கூரை. அந்தக் காலத்தில் நடந்து வந்தவர்களுக்காக யாழ்ப்பாணத்து வீதிகளில் மடம், கேணி, சுமைதாங்கி, மாடு உடம்பு தேய்க்க ஆவுரோஞ்சிக்கல் என்று கட்டி வைத்தார்கள். மாட்டின் முதுகு அரிப்புக்குக்கூட இடம் ஒதுக்கிய ஊர்.

“மூண்டு நிமிசம்தான்” என்று அத்தான் திண்ணையில் சாய்ந்தார். கல் குளிர்ந்திருந்தது. கடற்காற்று வந்தது. மூன்றாவது நிமிடத்தில் குறட்டை.

எதிர்த் திண்ணையில் இருந்த ஐயா ஒருவர் கேட்டார்: “கனடாவோ?”

“ஓம். எப்பிடித் தெரியும்?”

“நித்திரையிலயும் மணிக்கூட்டுக் கையை விடுறாரில்லை.”

இரண்டு மணித்தியாலம் கழித்து எழுந்த அத்தான், அட்டவணையை விசிறியாக மடித்துக்கொண்டு நேரே வடை வாங்கப் போனார். பத்துப் பாக்கெட்.

“ஸ்காபரோவிலயும் இருக்குத்தானே?” என்றா அக்கா.

“உது வேற. இதுதான் அசல் ஊர்ச் சாமான்.”

வானில் கிடந்த வெற்றுப் பாக்கெட்டை மருமகன் எடுத்துத் திருப்பிப் பார்த்தான். பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருந்தது: தயாரிப்பு, பருத்தித்துறை.

அத்தான் கண்ணாடியைத் துடைத்து இரண்டு தரம் வாசித்தார். பிறகு ட்ரைவரிடம் சொன்னார்: “தம்பி, கெதியா எடுங்கோ. நேரம் போட்டுது.”