கூத்துக்கு டிக்கெட் எங்கே?

கே: வசனமும் பாட்டுமாக வயிறு குலுங்கச் சிரிக்கிற மாதிரி ஒரு நாடகம் பார்க்க ஆசை. மரக்காணம் பக்கம் டிக்கெட் எங்கே கிடைக்கும்? (அனுமந்தை வாசகர்)

ப: வாங்கியாயிற்றே! திரௌபதி அம்மன் திருவிழாக் கூத்துக்கு வீடு வீடாக வந்து தலைக்கட்டு வரி வசூலித்தார்களே, அதுதான் உங்கள் டிக்கெட். கூத்தை இலவசம் என்பவர்களுக்குக் கணக்கு வராது. ஜமாவுக்கு (கூத்துக் குழுவுக்கு) அச்சாரம், பந்தல், விளக்கு எல்லாம் அந்த வசூலில்தான். ஊரே சேர்ந்து எடுத்த ஒரே டிக்கெட் என்பதால்தான் அங்கே நகைச்சுவைக்குத் துணிச்சல் அதிகம் என்பேன். கட்டியங்காரன் அரசனுக்கு வாயில் காவலன். கிண்டல் செய்வதோ அதே அரசனை. துரியோதனன் தொடை தட்டி முழங்கும்போது அவன் கிரீடத்தைப் பார்த்தே ஒரு நக்கல் விழும். வசூல் நோட்டோடு முன்னால் உட்கார்ந்திருக்கும் ஊர்ப் பெரியவரும் தப்பமாட்டார். எல்லாரும் காசு போட்டதால் யாரும் முதலாளி இல்லை. டிக்கெட் விற்ற பழைய கம்பெனி நாடகத்திலோ தரை, பெஞ்சு, நாற்காலி என்று காசுக்கேற்ற மரியாதை இருந்தது.

‘டிக்கெட் இல்லாமல் கலை பிழைக்குமா?’ என்பீர்கள். மரக்காணத்திலிருந்து சுமார் 35 கிலோமீட்டரில், புதுச்சேரி கருவடிக்குப்பத்தில் அடக்கமாகியிருக்கிறார் நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922). அவர் காலத்து நாடகக் கம்பெனிகளும் போயின, டிக்கெட் கவுண்டர்களும் போயின. அவருடைய ‘வள்ளி திருமணம்’ மட்டும் மதுரை, புதுக்கோட்டை கோயில் திருவிழாக்களில், பபூனும் டான்ஸுமாக, ஊர்ப் பணத்தில் இன்றும் நடக்கிறது. இன்னும் பின்னால் போனால் சங்க நூலான சிறுபாணாற்றுப்படை. அதில் வரும் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்பது அறிஞர் பலர் கருத்து. அங்கே வரும் பாணருக்குப் பரதவர் கள்ளும் சுட்ட மீனும் தந்தார்கள். நல்ல கட்டணம், வசதிக் கட்டணம் தனியாகக் கேட்டதாகப் பாட்டில் இல்லை.

‘ஓசியில் பார்ப்பவன் பாதியில் தூங்குவான்’ என்று இன்னொரு வாதம். தூங்கட்டுமே! விடிய விடிய நடக்கிற கூத்துக்குப் பாயோடு வருவது அதற்குத்தானே? பிள்ளையார் பாட்டில் கண்ணயர்ந்து திரௌபதியின் துகிலை உரியும்போது விழிப்பவர் எதையும் இழப்பதில்லை. ஏசி அரங்கில் 500 ரூபாய் கொடுத்துத் தூங்குபவரே நஷ்டக்காரர்.

கே: ஆன்லைனில் நாடக டிக்கெட் எடுத்தால் ‘வசதிக் கட்டணம்’ எதற்கு?

ப: 500 ரூபாய் வரை நாடக டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி இல்லை. அந்தச் சந்தோஷம் உங்களுக்கு முழுசாகக் கிடைத்துவிடக் கூடாதல்லவா?

கே: சென்னை சபாவில் முதல் வரிசை கிடைக்க வழி?

ப: நன்கொடையாளருக்கு மருமகனாகுங்கள்.

கே: உப்பளக் கூலிக்காரரால் கூத்துக்கான தலைக்கட்டு வரியைக் கட்ட முடிகிறதா? (கூனிமேடு வாசகி)

ப: என் வாதத்தின் பலவீனமான இடம் இதுதான், அம்மா. தலைக்கட்டு வரி வீட்டுக்கு ஒரே தொகை. பாத்தி சொந்தக்காரருக்கும் அதில் உப்பு வாருகிறவருக்கும் ஒரே அளவு என்றால் அது சமத்துவம் ஆகாது. மழை மாதங்களில் உப்பளத்தில் வேலை இல்லை. அதற்காகத்தான் தமிழக அரசு 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. பங்குனி முதல் ஆடி வரை கூத்துக் காலமும் உப்புக் காலமும் ஒன்றாக வருவதால் அப்போது கையில் கொஞ்சம் கூலி ஓடும். ஆனாலும் உப்பளம் வைத்திருப்பவரிடம் ஏக்கர் கணக்கில் வாங்கி, கூலிக்காரர் வீட்டில் முடிந்ததை வாங்குவதே நியாயம். கொடுக்க முடியாதவர் வீட்டுப் பாயும் முன்வரிசையில் விரிய வேண்டும். ஊர்க் கூட்டத்தில் இதை நீங்களே எழுந்து கேளுங்கள். மறுத்தால் கட்டியங்காரன் காதில் போட்டுவிடுங்கள்.