ஓட்டுநருக்கு வராத குமட்டல்

கேள்வி: மும்பையின் டிராம்பேயிலிருந்து பேருந்தில் ஊருக்குப் புறப்படுவோருக்குப் போர்காட் மலைப்பாதையில் குமட்டுவது ஏன்? ஓட்டுநருக்கு மட்டும் ஏன் அது வருவதில்லை?

பதில்: உட்செவியில் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் தலையின் ஒவ்வொரு திருப்பத்தையும் மூளைக்கு அறிவிக்க, கைப்பேசியில் பதிந்த கண்ணோ எதுவும் அசையவில்லை என்று சொல்ல, இரு சாட்சிகளும் முரண்பட்ட வழக்கில் மூளை தண்டனையை வயிற்றுக்கு விதித்துவிடுகிறது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். அடுத்த வளைவை முன்பே அறிந்து வண்டியைத் திருப்பும் ஓட்டுநருக்கு இம்முரண்பாடு மிகக் குறைவு. ஆகவே முன்னிருக்கையில் அமர்ந்து தொலைவிலுள்ள மலைமுகட்டைப் பார்ப்பவர், ஓட்டுநருடைய முன்னறிவில் பாதியைக் கடன் வாங்கிக்கொள்கிறார்.

டிராம்பேயில் 1976இல் குடியேற்றப்பட்ட சீட்டா கேம்ப்பின் தமிழ்ப் பாட்டிமார் முந்தானையில் முடிந்துவரும் எலுமிச்சம்பழம், தோலை நகத்தால் கீறி முகரும்போது, குமட்டலைக் கிளறும் டீசல் நெடியையாவது மறைக்கும். குமட்டலைத் தடுக்கும் மாத்திரையை, அது தூக்கம் தரும் என்பதால் மருத்துவரைக் கேட்டு, புறப்படுவதற்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் முன்பே விழுங்க வேண்டும். வாந்தி தொடங்கியபின் விழுங்கினால் மாத்திரையும் வெளியே வந்துவிடும். 2 முதல் 12 வயது வரையுள்ள குழந்தைகளே பயணக் குமட்டலால் மிகுதியாக வாடுவதால், சன்னலோர இடம் அவர்களுக்கே உரியது.