பஞ்சாரத் தடயவியல்: ஒரு முதனிலை ஆய்வு

காலையில் பஞ்சாரத்தைத் தூக்கும்போது எட்டுக் குஞ்சில் ஆறுதான் மிச்சம் என்றால், தமிழகக் கிராமங்களில் விசாரணை ஒரே சொல்லில் முடிந்துவிடும்: கீரி. சாட்சி கிடையாது, குறுக்கு விசாரணை கிடையாது. இத்துறையில் முறையான ஆய்வு வேர்பிடிக்காமல் போனதற்குத் தீர்ப்பின் இந்த வேகமே காரணம்.

துறை என்னவோ பழையதுதான். குறுந்தொகை 139ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தியார் நேரம், இடம், எதிரி மூன்றையும் பதிந்து வைத்திருக்கிறார்: மாலை, வேலி, வெருகு என்னும் காட்டுப்பூனை. குஞ்சுகளைக் கூவிச் சேர்க்கும் தாய்க்கோழியின் பதற்றமும் அதில் உண்டு. இன்றைய முதல் தகவல் அறிக்கைகளில் இவ்வளவு தெளிவு அரிது. படிப்பவர்களோ அப்பாட்டில் பரத்தையர் தெருவிலிருந்து திரும்பும் தலைவன் பின்னாலேயே போய்விடுகிறார்கள். கோழியின் வழக்கு இன்னும் நிலுவையில்.

கீரி பகல் வேலைக்காரன். நள்ளிரவுக் கொலையை அதன் தலையில் கட்டினால் வழக்கு நிற்காது. இரவென்றால் கூரையைப் பார்க்க வேண்டும். மரநாய் மரம்வழி இறங்கும். மதில்மேல் பழக்கொட்டைகளோடு எச்சம் கிடந்தால் அது முகவரிச் சீட்டை வைத்துவிட்டுப் போயிருக்கிறது என்று கொள்ளலாம். கூட்டுச் சுவரடியில் புதுமண் குவிந்திருந்தால் பெருச்சாளி.

இறகு தனி இயல். வல்லூறு இறகைப் பிடுங்கும். தண்டு முழுசாக வரும். பல்லுள்ள விலங்கு கடித்து இழுப்பதால் தண்டு அறுந்து கிடக்கும். ஆகவே, விடிந்ததும் கொல்லையைப் பெருக்கித் தள்ளுவது தடய அழிப்புக் குற்றமாகும்.

அடைமுட்டை ஓடுகூட மிஞ்சாமல் குறைந்தால் பாம்பு என்பது பொதுவிதி. பள்ளி விடுமுறை நாட்களில் இவ்விதிக்குப் புறனடை உண்டு. செத்த குஞ்சின் தலையும் தோளும் ஈரமாய்ப் பிசுபிசுத்தாலும் பாம்புதான். விழுங்கப் பார்த்து முடியாமல் துப்பியிருக்கிறது.

நேரில் கண்ட சாட்சியை மட்டும் யாரும் கூப்பிடுவதில்லை. கிறிஸ் எவன்ஸ், லிண்டா எவன்ஸ், பீட்டர் மார்லர் மூவரும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், தலைக்கு மேலே திரையில் பருந்துருவம் ஓடியபோது சேவல்கள் ஒரு குரல் கொடுத்தன. தரைமட்டத்தில் ரக்கூனைக் காட்டியபோது வேறு குரல். குரலை மட்டும் கேட்ட பெட்டைகளும், முதலாவதற்கு ஓடிப் பதுங்கின. இரண்டாவதற்குக் கழுத்தை நிமிர்த்திச் சுற்றிலும் பார்த்தன. வாக்குமூலம் ஒவ்வொரு கொல்லையிலும் சத்தமாகத்தான் கொடுக்கப்படுகிறது.

கடைசி வகை சிக்கலானது. ஐந்தாறு கோழிகள் செத்துக் கிடக்கின்றன, ஒன்றையும் தின்னவில்லை, வேலிப் படல் பிய்ந்து தொங்குகிறது என்றால் பெரும்பாலும் நாய். இங்கே ஆய்வாளர் நிதானிக்க வேண்டும். அது பக்கத்து வீட்டு நாயாக இருந்தால் பஞ்சாயத்து. சொந்த நாயாக இருந்தால், உதட்டோரம் ஒட்டிய இறகோடு அது திண்ணையிலேயே படுத்திருக்கும். வீட்டுப் பாட்டி அந்த இறகைத் துடைத்துவிட்டு, கேட்டவர்களிடமெல்லாம் கீரி என்றுதான் சொல்வாள்.