சிஸ்டம் எழும்பும் வரை

ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் கிளியரிங் ஆபீஸ், ஜெராக்ஸ் கடை, லாரி ஷெட் என்று எங்கே நுழைந்தாலும் ஓரமாக ஒரு பழைய டெஸ்க்டாப் உட்கார்ந்திருக்கும். காலையில் பட்டனைத் தட்டினால் அது லேசில் எழும்பாது. எழுப்பியே தீர வேண்டும் என்பவர்களுக்கான வழிமுறை இது.

முதல் வேலை, பழி போட ஆள் பார்ப்பது. வைரஸ் என்று சொல்லிவிட்டால் யாரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். கரண்டு, கடல் காற்று, ஞாயிற்றுக்கிழமை வந்து கேம் ஆடிய முதலாளி மகன் எல்லாரும் அடுத்த வரிசை. மகன் பெயரை முதலாளி இல்லாதபோது மட்டும் எடுக்கவும்.

திரை வந்ததும் எஃப்5 கீயை விடாமல் தட்டுங்கள். ஐகான்களைத் திரும்ப ஒருமுறை காட்டுவதைத் தவிர அந்த கீ அங்கே வேறெதையும் செய்யாது. ஆனாலும் கைக்கு ஒரு வேலை. எதிரே நிற்கும் கஸ்டமருக்கும் ஏதோ நடக்கிறது என்ற ஆறுதல்.

அப்படியும் மசியவில்லையா? கேபினெட்டைத் திறக்கலாம். மூக்கைக் கட்டிக்கொள்ளுங்கள், எங்கள் ஊர்த் தூசிக்கு வரலாறு உண்டு. சென்னைத் துறைமுகத்தில் 2011 வரை நிலக்கரி இறங்கியது. உயர் நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு அந்த அக்டோபரில் அது எண்ணூர்த் துறைமுகத்துக்கு இடம் மாறியது. ஆகவே அடியில் கறுப்பாகப் படிந்திருந்தால் பெட்டி ராயபுரத்துப் பழைய ஆள் என்று ஊகிக்கலாம். சாம்பல் நிறம் என்றால் எண்ணூர். 1970-ல் ஓடத் தொடங்கிய எண்ணூர் அனல் மின் நிலையம் 2017-ல் மூடப்பட்டுவிட்டது. ஆனால் அத்திப்பட்டில் இருக்கும் வட சென்னை அனல் மின் நிலையம் சாம்பலுக்குக் குறை வைக்கவில்லை. ஸ்க்ரூவில் ஏறியிருக்கும் துரு வங்கக் கடலின் உபயம். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் விற்பவரிடம் ஊர் விசாரிக்கவே வேண்டாம். மேலே ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம், குங்குமம் இருக்கும். அதைத் துடைக்கிற தைரியம் இதுவரை எந்த சர்வீஸ்காரருக்கும் வந்ததில்லை.

ரேமைக் கழற்றி, அதன் பொன்னிற விளிம்பைப் பென்சில் ரப்பரால் தேய்த்து மாட்டுவார்கள். சிரிக்காதீர்கள். உப்புக் காற்றில் படலம் பிடித்து, டிஸ்ப்ளே வராமல் பீப் அடித்துக்கொண்டிருந்த எத்தனையோ பெட்டிகள் அந்த ரப்பரால் பிழைத்திருக்கின்றன. மெதுவாக எழும்பும் நோய்க்கு மட்டும் அது மருந்தில்லை. தூசியும் அப்படித்தான். ஃபேனை அடைத்துக்கொண்டால் பிராசசர் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். ராத்திரி முழுக்கக் குளிர்ந்து கிடந்த பெட்டிக்கு அந்தச் சாக்கு செல்லாது.

இதற்குள் சர்வீஸ் தம்பி வந்திருப்பார். "அண்ணே, ஃபார்மேட் போட்டுடலாம்ணே" என்பார். சரி என்று தலையாட்டுங்கள். டேலி பேக்கப் எங்கே என்ற கேள்வி சாயங்காலம்தான் வரும்.

தலையாட்டாதவர்களுக்கு மட்டும் மிச்சத்தைச் சொல்கிறேன். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். விண்டோஸ் 8 முதல் அதில் ஸ்டார்ட்-அப் என்று ஒரு பக்கம் உண்டு. இரண்டு ஆன்டிவைரஸ், காயலான் கடைக்குப் போய்விட்ட பிரின்டரின் சாஃப்ட்வேர், யாரோ எப்போதோ இறக்கிய வீடியோ பிளேயர் எல்லாம் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் கேட் திறக்கக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளாக அங்கே வரிசை கட்டி நிற்கும். வேண்டாததை டிஸேபிள் செய்யுங்கள். டிஜிட்டல் கையெழுத்து டோக்கனுக்கானதை மட்டும் விட்டுவிடுங்கள், ஷிப்பிங் பில் போட வேண்டுமே.

இன்னொன்று. ஃபாஸ்ட் ஸ்டார்ட்-அப் வசதி ஓடுகிற பெட்டியில் ஷட் டவுன் கொடுத்தால் விண்டோஸ் முழுசாக அணைவதில்லை; தன் உள்பகுதியை டிஸ்க்கில் எழுதிவைத்துவிட்டுத் தூங்குகிறது. புதிதாக எழும்ப வேண்டுமானால் ரீஸ்டார்ட்தான் கொடுக்க வேண்டும்.

அதே டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே நின்றால் குற்றவாளி கிடைத்துவிட்டார். பழைய ஹார்ட் டிஸ்க் நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றினாலும், ஒவ்வொரு துணுக்கைத் தேடவும் அதன் முள் நகர்ந்து போக வேண்டும். விண்டோஸ் எழும்பும்போது படிப்பது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள். எஸ்எஸ்டியில் நகர்கிற பாகமே கிடையாது. சாட்டா இணைப்பு உள்ள பழைய பெட்டியிலும் அதை மாட்டலாம். ரிச்சி தெருவுக்கு ஒரு நடை போய்வந்தால் முடிகிற காரியம். பூஜை, ரப்பர், எஃப்5 எதுவும் இதற்கு ஈடாகாது.

பழைய டிஸ்க்கிலிருந்து 'டக், டக்' என்று சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டதா? இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு முதலில் டேலி டேட்டாவைக் காப்பி எடுங்கள்.