ஷோகேஸ் அடித்தட்டிலிருந்து ஒரு சக நிறுவனத்தின் கடிதம்

அனுப்புநர்:
நிர்வாக இயக்குநர், தலைமைப் பொறியாளர் மற்றும் ஒட்டடை அடிப்பவர்,
வீட்டு சர்வர், ஷோகேஸ் அடித்தட்டு,
திருச்சி.

பெறுநர்:
தலைமைச் செயல் அலுவலர்,
போட்டோவையும் படத்தையும் பாட்டையும் வாடகைக்கு வைத்திருக்கும் பெருநிறுவனம்,
கடல் கடந்து எங்கோ.

பொருள்: தொழில் தொடங்கியமை தெரிவித்தல், சந்தா ரத்து கோருதல் – தொடர்பாக.

பார்வை: ‘உங்கள் சேமிப்பிடம் கிட்டத்தட்ட நிரம்பிவிட்டது’ என்ற தங்கள் அறிவிப்புகள், நாள்தோறும்.

மதிப்பிற்குரிய ஐயா, அல்லது அம்மா, அல்லது தானாகப் பதில் அனுப்பும் எந்திரமே,

தாங்கள் நலமாக இருப்பீர்கள் என்று விசாரிக்காமலே தெரிகிறது; காலாண்டு லாபக் கணக்கு பேப்பரில் வந்திருந்தது. தாங்கள் செய்யும் தொழிலையே நாங்களும் தொடங்கியிருக்கிறோம் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். எங்கள் தரவு மையம் ஹால் ஷோகேஸின் அடித்தட்டில் இயங்குகிறது. மேல்தட்டில் தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையும் மகள் வாங்கிய கேடயங்களும் இருக்கின்றன. வாடிக்கையாளர்கள் ஆறு பேர்: ஐந்து பேர் வீட்டில், ஒருவர் கோவையில். கத்திரி வெயிலில் கண்ணாடிக் கதவைத் திறந்தே வைப்பதால் ஒரு பல்லியும் சேவையைப் பயன்படுத்திக்கொள்கிறது. குறைதீர்ப்புப் பிரிவு இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கும். என்னைத் தட்டி எழுப்பினால் போதும்.

முதலீடு பற்றிக் கேட்பீர்கள். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய பழைய டெஸ்க்டாப் ஒன்று. “பேங்க்ல ஓடின மெஷின் சார், ஏசிய விட்டு வெளியவே வந்ததில்ல” என்று கடைக்காரர் சத்தியம் செய்தார். அந்தத் தெருவில் எல்லா மெஷினும் பேங்க்கில்தான் ஓடியிருக்கும், அதை விடுங்கள். நாங்கள் பார்த்தது ஒன்றே ஒன்று: இன்டெல் ஏழாம் தலைமுறை பிராசசரா என்பது. ஒரு படம் ஹெச்.265 வடிவில் இருக்கிறது, அம்மாவின் பழைய டேப்லெட்டுக்கு அது புரியாது என்றால், ஓட ஓட அதை வேறு வடிவத்துக்கு சர்வர்தான் மாற்றிக் கொடுக்க வேண்டும். ஏழாம் தலைமுறையில் 10 பிட் ஹெச்.265-ஐயும் சிப்பில் உள்ள கிராஃபிக்ஸ் பகுதியே மாற்றிவிடும். ஆறாம் தலைமுறையில் 8 பிட்டோடு சரி. மற்றதை பிராசசர் மூச்சிரைக்கச் செய்ய, ஹால் முழுக்க ஃபேன் சத்தம் கேட்கும். ஒரே ஒரு தலைமுறை, விலையில் பெரிய வித்தியாசம் இல்லை.

பிறகு 4 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு. ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். வீட்டுக்கு வந்து மாட்டினால் 3.63 என்று காட்டியது. தயாரிப்பாளர் ஒரு டெராபைட்டை லட்சம் கோடி பைட் என்று எண்ணுகிறார். கணினி இரண்டின் நாற்பதாவது அடுக்காக எண்ணுகிறது. நகைக் கடைச் சேதாரம் மாதிரி, பில்லில் இருப்பது கைக்கு வருவதில்லை. வித்தியாசம் இத்தனை என்று முன்கூட்டியே கணக்குப் போட முடிகிறது என்பதால் நகைக் கடையைவிட இவர்கள் யோக்கியர்கள்.

மென்பொருளுக்கு ஒரு பைசா செலவில்லை. எம்பி என்ற மீடியா சர்வர் 2018-இல் தன் மூலநிரலைப் பூட்டிக்கொண்டபோது, அதுவரை திறந்திருந்த பகுதியை எடுத்துக்கொண்டு சில பேர் தனியே கிளம்பினார்கள். அப்படிப் பிறந்ததுதான் ஜெல்லிஃபின். தன்னார்வலர்கள் எழுதுவது, சந்தா கிடையாது. இத்தகைய தீய பழக்கங்கள் தங்கள் துறையில் பரவிவருவதைத் தாங்கள் கவனிக்க வேண்டும்.

தொழிலுக்குப் புதியவர்கள் என்பதால் தங்கள் துறையின் கொள்கைகளையே வீட்டில் அமல்படுத்திப் பார்த்தோம். அதன் விவரம் பின்வருமாறு.

முதலில் விலை. கூகுள் ஃபோட்டோஸ் 2015-இல் வந்தபோது, தரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் எத்தனை படமும் இலவசம் என்றார்கள். ஊரே கொண்டுபோய்க் கொட்டியது. 2021 ஜூன் 1 முதல், புதிதாக ஏற்றுவதெல்லாம் 15 ஜிபி கணக்கில் சேரும் என்றாகிவிட்டது. பிள்ளை தொட்டிலில் கிடக்கும்போது கதவைத் திறந்துவிட்டு, அது பள்ளிக்கூடம் போகும் வயதில் வாசலில் உண்டியல் வைக்கும் அந்தப் பொறுமை எங்களுக்கு வருமா? முயன்றோம். “இனிமே நூறு ஜிபிக்கு மேல போனா காசும்மா” என்றேன். “காபிக்கு நான் எந்தத் தேதியிலேர்ந்து கணக்கு எழுதட்டும்?” என்றார் அம்மா. கொள்கை திரும்பப் பெறப்பட்டது.

அடுத்தது நீக்கும் அதிகாரம். 2009 ஜூலையில் அமேசான், வாசகர்கள் காசு கொடுத்து வாங்கிக் கிண்டிலில் வைத்திருந்த ஜார்ஜ் ஆர்வெல் நூல்களைத் தொலைவிலிருந்தே அழித்தது. பதிப்பித்தவருக்கு உரிமை இல்லை என்பது காரணம். பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அழிந்தவற்றில் ஒன்று ‘1984’. பகடி எழுதிப் பிழைப்பவனுக்கு இப்படி வேலையில்லாமல் செய்வது நியாயமா? 2019-இல் மைக்ரோசாஃப்ட் தன் மின்னூல் கடையையே மூடி, காசைத் திருப்பிக் கொடுத்து நூல்களை வாரிக்கொண்டது. கலிபோர்னியாவில் இப்போது சட்டமே வந்துவிட்டது. விற்பது பொருள் அல்ல, உரிமம் மட்டுமே என்றால் அதை வெளிப்படையாகச் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று 2025 ஜனவரி 1 முதல் நடைமுறை. எங்கள் மாமியாரின் பக்திப் பாடல் தொகுப்பைச் சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ராத்திரியில் நீக்கிப் பார்ப்பது என்று திட்டமிட்டோம். நிர்வாக இயக்குநருக்குத் துணிச்சல் போதாததால் அந்தச் சோதனை காலவரையின்றி ஒத்திவைக்கப்பட்டுள்ளது.

மூன்றாவது, குடும்பம். 2023 ஜூலையில் நெட்ஃபிளிக்ஸ் இந்தியாவிலும் ஒரு கணக்கு ஒரு வீட்டுக்கு மட்டும் என்று சொன்னது. ஒரே வீட்டு இணைப்பில் இருக்கும் கருவிகளும் அவற்றை வைத்திருப்பவர்களும்தான் குடும்பம். பங்காளிச் சண்டையில் தாலுகா கோர்ட்டுக்கு அலையும் எங்கள் ஊர்க்காரர்களுக்கு இவ்வளவு சுருக்கமான வாரிசுச் சான்றிதழ் இதுவரை யாரும் கொடுத்ததில்லை. கோவையில் இருக்கும் மைத்துனனிடம் “நீ எங்க வைஃபையில இல்லையே” என்று சொல்லிப் பார்த்தேன். “மாமா, தாலி கட்டும்போது உங்களுக்குப் பின்னாடி குடை பிடிச்சவன் நானு. அப்ப எந்த வைஃபை இருந்துச்சு?” என்றான். பதில் தெரியவில்லை. தங்கள் சட்டப் பிரிவிடம் கேட்டுச் சொல்லவும்.

அவன் எங்கள் சர்வரை எட்டுவதே ஒரு தனிக் கதை. ஐபிவி4 என்ற பழைய வகை இணைய முகவரிகள் மொத்தம் சுமார் 430 கோடிதான், போதவில்லை. அதனால் இணைய இணைப்பு தருபவர்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் அடைத்துவிடுகிறார்கள். இதற்கென்றே 2012-இல் 100.64 முதல் 100.127 வரை ஒரு தொகுதி ஒதுக்கப்பட்டது. ரவுட்டரின் வெளிமுகவரியில் அந்த எண்ணைப் பார்த்தால், நம் வீட்டுக்குத் தெருப் பக்கம் வாசலே இல்லை என்று புரிந்துகொள்ளலாம். புதிய வகை முகவரியான ஐபிவி6 இருந்ததால், வயர்கார்டு என்ற மென்பொருளால் சுரங்கம் வெட்டிச் சமாளித்தோம்.

எங்கள் சரக்கு பற்றியும் சொல்ல வேண்டும். மோசர் பேயர் 28 ரூபாய்க்கு விசிடியும் 34 ரூபாய்க்கு டிவிடியும் விற்ற காலத்தில் அப்பா பை பையாக வாங்கி வைத்த தமிழ்ப் படங்கள். விசிடியின் அகலம் 352 புள்ளிதான். பெரிய டிவியில் போட்டால் சிவாஜியின் கண்ணீர் சதுரம் சதுரமாக வழிகிறது. ஆனால் யாரும் ‘இந்த மாதத்தோடு இந்தப் படம் விடைபெறுகிறது’ என்று எழுதுவதில்லை.

அடுக்கி வைப்பதில்தான் தாவு தீர்ந்தது. சர்வர், படத்தின் பெயரை வைத்து இணையத்திலிருந்து போஸ்டரை எடுத்து ஒட்டிக்கொள்ளும். எங்கள் கதாசிரியர்களுக்குப் பெயர்ப் பஞ்சம் இருப்பது அதற்குத் தெரியாது. கார்த்திக்கின் ‘அமரன்’ கேட்ட அம்மாவுக்கு ராணுவ உடையில் சிவகார்த்திகேயன் வந்து நின்றார். ‘விக்ரம்’ இன்னும் விசேஷம். 1986-இலும் கமல், 2022-இலும் கமல். ‘பில்லா’ 1980-இல் ரஜினி, 2007-இல் அஜித். கோப்புறைப் பெயரில் ஆண்டைப் போட்டால்தான் வழிக்கு வரும். அதற்கும் மேல், லினக்ஸில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டைத் தாண்டக் கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ‘க’வுக்கு மூன்று, ‘கு’வுக்கு ஆறு. பாட்டின் முதல் வரி, படம், பாடியவர்கள், இசையமைப்பாளர், கவிஞர் என்று அப்பா முறையாகப் பெயரிட்டு வைத்திருந்த பாடல்களில் கவிஞரைத்தான் வெட்ட வேண்டியிருந்தது. எப்போதும் அவருக்குத்தான் இந்த கதி.

மகளின் பழைய மேக்கிலிருந்து வந்த ‘கொஞ்சும் சலங்கை’யும் என் விண்டோஸிலிருந்து வந்த ‘கொஞ்சும் சலங்கை’யும் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கோப்புறைகளாக நின்றன. கண்ணுக்கு ஒரே பெயர். உள்ளே பார்த்தால் ஒன்றில் ‘கொ’வின் கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறி, மற்றதில் கொம்பு தனி, கால் தனி. ஆப்பிளின் பழைய கோப்பு முறை அப்படிப் பிரித்துத்தான் எழுதிவைக்கும். சிங்காரவேலனை ஜானகி இந்தக் கோப்புறையில் கூப்பிட, காருகுறிச்சி அருணாசலத்தின் நாயனம் அந்தக் கோப்புறையில் இருந்தது என்று சொன்னால் நம்புவீர்களா? ஒரு கட்டளையில் சரியாகிவிட்டது. கண்டுபிடிக்கத்தான் ராத்திரி போயிற்று.

எங்கள் கல்யாண வீடியோவும் இங்கேதான் இருக்கிறது. இதயத்துக்குள் நாங்கள் இருவரும் சுழன்று வருவோமே, அந்தக் கேசட் காலத்து வீடியோ. உறவினர்கள் பார்க்கட்டும் என்று முன்பு இணையத்தில் ஏற்றியபோது, பின்னணியில் போட்டோ ஸ்டூடியோக்காரர் சேர்த்த சினிமாப் பாட்டுகளை எந்திரம் மோப்பம் பிடித்து, இதில் வேறொருவருக்கு உரிமை உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. என் கல்யாணத்தில் மொய்கூட எழுதாத ஒரு கம்பெனிக்கு உரிமை! ஷோகேஸ் அடித்தட்டில் அந்த வழக்கு தள்ளுபடி.

பாதுகாப்புக்கு வருவோம். தங்கள் துறையில் அமேசானின் எஸ்3 சேமிப்பு 99.999999999 விழுக்காடு நீடிப்புக்கென வடிவமைக்கப்பட்டது என்கிறார்கள். பதினொரு ஒன்பது. எங்களிடம் அவ்வளவு ஒன்பது இல்லை. டிஸ்க் இரண்டும் ஒன்றையொன்று நகலெடுப்பதால் ஒன்று செத்தாலும் மற்றது காக்கும். ஆனால் மகள் தவறுதலாக அழித்தால் இரண்டிலும் ஒரே நொடியில் அழியும். அது காப்புப் பிரதியே அல்ல. பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரர் பிரபலப்படுத்திய விதி ஒன்று உண்டு: மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகம், ஒன்று வேறு இடத்தில். எங்கள் வேறு இடம், கிராமத்தில் சித்தப்பா வீட்டு பீரோ. பட்டுப்புடவைக்கும் நிலப் பத்திரத்துக்கும் நடுவே, அந்துருண்டை வாசத்தோடு ஒரு டிஸ்க். பொங்கலுக்கும் ஆடிக்கும் ஊருக்குப் போகும்போது புதுப்பிக்கிறோம். சித்தி சாவியைத் தொலைக்காதவரை சேவை உறுதி.

இதெல்லாம் தங்களைவிட மலிவா என்றால், இல்லை. சராசரியாக 35 வாட் இழுக்கிறது. இரண்டு மாத பில்லில் சுமார் 50 யூனிட். ஏசியும் கிரைண்டரும் ஏற்கெனவே மேல் அடுக்கில் ஏற்றிவைத்திருக்கும் கணக்கில், இந்த 50 அந்த உச்ச விலையில்தான் விழும். டிஸ்க் சாகும், மாற்ற வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அப்டேட் போட வேண்டும். சினிமா பார்க்கும் நேரத்தைவிட சினிமாவைப் பார்த்துக்கொள்ளும் நேரம் அதிகம் என்று மனைவி சொல்வதை மறுப்பதற்கில்லை. லாபம் வேண்டுமென்று இதில் யாரும் இறங்க வேண்டாம். எங்களுக்கு வேண்டியிருந்தது, பேரன் பேத்தி போட்டோவைக் காட்டி மிரட்டாத ஒரு கிடங்கு.

இனி கோரிக்கை. எங்கள் படங்களைத் திருப்பித் தாருங்கள் என்று கேட்டதற்குத் தாங்கள் துண்டு துண்டான ஜிப் கோப்புகளாக அனுப்பினீர்கள். படம் ஒரு கோப்பு, அது எடுக்கப்பட்ட தேதி பக்கத்தில் தனியாக இன்னொரு கோப்பு. சில ஜோடிகள் வேறு வேறு ஜிப்பில். இதைச் சேர்த்துவைக்கவே உலகில் யார் யாரோ தனி நிரல் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களுக்காவது ஒரு சன்மானம் அனுப்புங்கள். சந்தாவை ரத்து செய்யும் பொத்தானைத் தங்கள் தளத்தில் தேடினோம். சேரும் பொத்தான் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்கிறது. ரத்துக்குப் போனால் ‘நிச்சயமாகவா?’, ‘நினைவுகளை இழக்கப்போகிறீர்களா?’, ‘ஏன் என்று சொல்லுங்கள்’ என்று கேள்வி மேல் கேள்வி. கடைசியில் மறுபடி முகப்பில் கொண்டுவந்து விடுகிறது. இந்தியாவின் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட நெறிமுறையில் பதிமூன்று வகை இணைய ஏமாற்று வடிவங்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. சந்தாப் பொறி அதில் ஒன்று. மீதிப் பன்னிரண்டையும் படித்தோம். தங்கள் தளத்தின் வரைபடம் போலவே இருந்தது.

ஆகவே இக்கடிதத்தையே ரத்து விண்ணப்பமாக ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். ‘மூன்று மாதம் பாதி விலை’ என்று பதில் அனுப்ப வேண்டாம். அனுப்பியே ஆக வேண்டுமென்றால் கோவைக்கு அனுப்புங்கள். மைத்துனன் யோசிப்பான்.

இப்படிக்கு,
நிர்வாக இயக்குநர்
(ஒப்பம், கையால்)

நகல்: மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், புது தில்லி – தகவலுக்காக.
நகல்: சித்தி – பீரோச் சாவி தொடர்பாக.